அண்ணி வெட்டிய மரக்கொடி

அண்ணி வீட்டு முன்கூடத்தில், சாமி படத்துக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் நடுவே, ரப்பர் மரப் பலகையில் செதுக்கிய மலேசியத் தேசியக் கொடி ஒன்று மாட்டியிருக்கிறது. சிவப்பும் வெள்ளையும் மங்கி, ஓரங்கள் கருகி, ஏதோ பழைய கிராமத்து வீட்டுக் கதவைப் பெயர்த்துக்கொண்டு வந்ததுபோல் இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் நகத்தால் கீறியது போல இன்னொரு மெல்லிய கோடு ஓடுவது தெரியும். காற்றில் கொடி அசைவது போல் செதுக்கியிருக்கிறார்களே என்று விருந்தாளிகள் வியப்பார்கள். அண்ணியும் கொஞ்சங்கூடக் கூச்சமில்லாமல் தலையாட்டிக்கொள்வார். உண்மை தெரிந்த நாத்தனார் நான் சமையலறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வருவேன்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோதே அண்ணி பேர்போன பால்வெட்டுக்காரி. கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டம். பால் வடிய ரப்பர் மரத்தில் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி உள்ளே போய்க் கட்டையைத் தொட்டால் மரம் புண்ணாகிவிடும். வேலையை மேற்பார்க்கும் கங்காணி பின்னாலேயே வந்து வெட்டுவாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். காயம் தட்டுப்பட்டால் மர நிரை முழுக்கக் கேட்கும்படி, "யாரு வெட்டுனது? கட்டையெல்லாம் காயம்!" என்று கத்துவார். அந்தக் கத்தலை ஒரு நாளும் வாங்காதவர் அண்ணி. தன் கல்யாணக் கதையைவிட இந்தக் கதையைத்தான் அதிகம் சொல்லியிருக்கிறார்.

பிறகு தோட்டம் எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறியது. மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள், நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். எண்பதுகளில் ரப்பர் மரத்துக்கு நாற்காலியாகவும் மேசையாகவும் மறுபிறவி கிடைத்திருந்தது. நாங்கள் வேலைக்குச் சேர்ந்ததும் அப்படி ஒரு மரச்சாமான் தொழிற்சாலைதான். நான் வண்ணம் பூசும் பகுதியில். அண்ணி பலகை தேய்க்கும் பகுதியில். பகலெல்லாம் தூசி தின்று இரவெல்லாம் இருமுவார். அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது எனக்குப் பொறுக்கவே பொறுக்காது.

அந்தச் சமயத்தில்தான் கம்ப்யூட்டர் சொல்லிச் செதுக்கும் இயந்திரம் வந்தது. வரிசையாக ஓட்டை போட்ட காகித நாடாவை ஒரு பக்கம் விழுங்கும். மறுபக்கம் சுழலும் கத்தி தானாகவே பலகைமேல் ஓடும். எங்கள் சீன முதலாளி, தவுக்கே, சுதந்திர தினத்துக்கு வாசலில் மாட்ட ஒரு மரக்கொடி கேட்டார். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் பிடித்த அந்தப் பழைய பலகைத் தோற்றத்தில் இருக்க வேண்டுமாம். கொடியை ஒழுங்காகச் செதுக்குகிறவருக்கே இயந்திரம், இல்லையென்றால் பினாங்கிலிருந்து ஆள் கொண்டுவருவேன் என்று சொல்லிவிட்டார். ஆண்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். தேய்ப்புப் பகுதியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது: "தவுக்கே, நான் செய்றேன்லா. வெட்டுறது என்ன எனக்குப் புதுசா?"

எல்லாரும் சிரித்தார்கள். தோற்றால் அண்ணி பழையபடி தூசிக்குள்தான் போக வேண்டும், கேலி வேறு ஆயுசுக்கும் தொடரும். இயந்திரத்தோடு வந்த டெக்னீசியன் பொறுமைசாலி. நாடாவை அவரே தயார்செய்து, மலாய் மொழியில் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். முக்கியமான வேலை ஒன்றுதான். கத்தியின் நுனி பலகையைத் தொடும்வரை இறக்கி, 'இதுதான் மேல்மட்டம்' என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். எவ்வளவு ஆழம் போவது என்பது அதற்குப்பின் நாடாவின் பொறுப்பு.

கொடி செதுக்கிய அன்று தொழிற்சாலையே சுற்றி நின்றது. அண்ணி நெற்றியில் பளிச்சென்று திருநீறு. கத்தி இரைந்தது, கோடுகளில் ஓடியது, பிறையை வளைத்தது, நட்சத்திரத்தின் முனை முனையாக ஏறி இறங்கியது. நின்றதும் தவுக்கே தூசியை ஊதினார். பலகையில் ஒன்றுமே இல்லை! உற்றுப் பார்த்தால் மட்டும் கோழி கீறியது போல ஏதோ தெரிந்தது. அவர் நம்பாமல் பிடிமானத்தைக் கழற்றிப் பலகையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். அண்ணியின் முகம் சுருங்கிப்போனது.

டெக்னீசியன் நாடாவைப் பார்த்தார், இயந்திரத்தைப் பார்த்தார், கடைசியாக அண்ணியைப் பார்த்தார். கத்தி பலகையைத் தொடுவதற்கு முன்பே பொத்தானை அழுத்தியிருக்கிறீர்களே, ஏன் என்று கேட்டார். அண்ணி மெதுவாகச் சொன்னார்: "எப்படி இறக்குறது? கட்டையில பட்டுடுமே!"

தோட்டத்திலிருந்து வந்த நாங்கள் அத்தனை பேரும் வெடித்துச் சிரித்தோம். எங்கள் எல்லார் கைக்குள்ளும் அதே பயம்தானே இருந்தது! யாரோ தவுக்கேக்கு மலாய் மொழியில் விளக்க, அவருக்கும் கண்ணில் நீர் வரச் சிரிப்பு. டெக்னீசியன்தான் நல்ல சேதி சொன்னார்: ஆழமாக வெட்டியிருந்தால் பலகை குப்பைக்குத்தான், இது மேலோட்டமான கீறல்தானே, இதன்மேலேயே இன்னொரு முறை ஓட்டலாம்.

பலகையைத் திரும்ப வைத்தார்கள். அண்ணி கத்தியை இறக்கி, அது தொட்டவுடன் கண்ணை இறுக மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். "பாப்பா, காயம் பட்டுடுச்சா?" என்றார் என்னிடம். "நல்லா பட்டுடுச்சு அண்ணி, கண்ணத் தொறங்க!" என்றேன். இந்த முறை கத்தி கட்டைக்குள் கம்பீரமாக இறங்கியது. ஆனால் தவுக்கே முன்பு தூக்கிப் பார்த்ததில் பலகை மயிரிழை நகர்ந்துவிட்டிருந்தது. முதல் கீறல்கள் ஆழமான கோடுகளின் பக்கத்தில் அப்படியே நின்றன. பலகை கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தோம். எதற்கும் பார்ப்போமே என்று நான் அதைத் தீயில் லேசாகக் கருக்கி, கம்பிப் பிரஷால் தேய்த்து, வண்ணத்தைத் துணியால் ஒற்றினேன். கரி அந்த மெல்லிய கீறல்களில் போய் உட்கார்ந்ததும் கொடி அசைய ஆரம்பித்துவிட்டது. தவுக்கே தள்ளி நின்று பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார். "போலே தஹான்," என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். அவர் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு யாரும் கேட்டதில்லை.

இயந்திரம் அண்ணிக்கே கிடைத்தது. இருமலும் மெல்ல விட்டது. அதே மாதிரிக் கொடி வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்க, ஒவ்வொன்றையும் முதலில் கட்டையில் படாமல் ஒரு தடவையும், பலகையை மயிரிழை நகர்த்தி இன்னொரு தடவையும் ஓட்ட வேண்டியதாயிற்று. முதல் ஓட்டத்துக்குத் தொழிற்சாலையில் 'அண்ணி வெட்டு' என்றே பெயர். புதிதாக வந்த ஆட்கள் அதைக் கம்ப்யூட்டர் வார்த்தை என்று நினைத்தார்கள்.

அண்ணி ஓய்வு பெற்ற அன்று தவுக்கே வாசலில் இருந்த அந்த முதல் கொடியைக் கழற்றி அண்ணியிடம் கொடுத்துவிட்டார். இந்த வருஷமும் சுதந்திர தினத்துக்குப் போயிருந்தேன். அண்ணிக்கு இப்போது முட்டி வலி, கண்ணும் சரியில்லை. ஆனாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஈரத்துணியால் கொடியைத் துடைத்தார். பிறகு கட்டைவிரலை மெல்லிய கோட்டில் வைத்தார், பக்கத்திலிருந்த ஆழமான கோட்டில் இறக்கி மெதுவாகத் தடவினார். சட்டென்று என் பக்கம் திரும்பி, கங்காணியின் அதே குரலில், தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்: "யாரு வெட்டுனது? கட்டையெல்லாம் காயம்!"

"நீங்கதான் அண்ணி!" என்றேன்.

"ஆமா, நான்தான்லா!" என்றார்.