கிரகணத்தன்று நறுக்கிய வெண்டைக்காய்

எங்கள் குடும்பத்தில் வெண்டைக்காய் மேல் விழுந்த பழி வேறு எந்தக் காய் மேலும் விழுந்ததில்லை.

தாராவியில், வரிசையாக ஒற்றை அறை வீடுகள் கொண்ட ஒரே சாலில், அடுத்தடுத்த அறைகளில் நாங்களும் மாமா குடும்பமும் குடியிருந்தோம். மாமா, அம்மாவின் தம்பி, மில்லில் வேலை. அத்தை ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது, பொழுது சாயும் நேரத்தில் சந்திர கிரகணம் பிடித்தது. திருநெல்வேலியிலிருந்து ரயிலேறிய எங்களோடு கிரகண விதிகளும் டிக்கெட் இல்லாமல் பம்பாய் வந்து சேர்ந்திருந்தன. பிள்ளைத்தாச்சி வெளியே தலைகாட்டக் கூடாது. கத்தி, அரிவாள்மணை எதையும் தொடக் கூடாது. தொட்டால் பிள்ளையின் உதடு பிளந்துவிடும். மாமாவுக்கோ அன்று ராத்திரி ஷிப்ட், சாப்பாட்டு டப்பா கட்டியாக வேண்டும். அத்தை கதவைச் சாத்திக்கொண்டு வெண்டைக்காய் நறுக்கினாள். அம்மா பார்த்துவிட்டாள்.

பிள்ளை பிறந்தது. மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது, அண்ணத்திலும் பிளவு. அதனால் உறிஞ்ச முடியவில்லை. குடித்த பால் மூக்கு வழியாக வந்தது. அத்தை பாலைப் பீய்ச்சி, பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். எனக்கு அந்தப் பிள்ளை மேல் கொள்ளைப் பிரியம். அது சிரித்தால் முகம் முழுவதும் சிரிக்கும்.

"நான் அப்பவே நெனச்சேன். நாக்கு ருசி கேட்டா இப்பிடித்தான் வந்து விடியும்," என்றாள் அம்மா. வெண்டைக்காய் யார் நாக்குக்காக என்பதை யாரும் சொல்லவில்லை. மாமாவும் சொல்லவில்லை. தன் அடர்ந்த மீசையைத் தடவிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அத்தையையும் பிள்ளையையும் ஊரில் அவள் அப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது, மாமாவுக்கு வேறு பெண் பார்ப்பது என்று அம்மா தீர்மானித்துவிட்டாள். அத்தை ராப்பகலாக அழுதாள்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா, பிள்ளை கொஞ்சம் எடை கூடட்டும், உதட்டைத் தைத்துவிடலாம் என்றார். பிறகு, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று இந்தியில் கேட்டார். அம்மா முந்திக்கொண்டு, "கோயி நஹீ", யாருக்கும் இல்லை, என்றாள். அம்மாவின் இந்தியில் அவ்வளவு சுத்தமாக வந்த வாக்கியம் அது ஒன்றுதான்.

உதடும் அண்ணமும் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே கூடிவிடும் என்று வளர்ந்த பின்தான் தெரிந்துகொண்டேன். ஏழாம் மாதத்து வெண்டைக்காய்க்கு அங்கே வேலையே இல்லை. சிலருக்கு வம்சவழி, சிலருக்குச் சத்துக் குறைவு, சில மருந்து, பீடி சிகரெட் புகை. பலருக்குக் காரணமே பிடிபடாது. எல்லாவற்றையும் தடுக்கவும் முடியாது. பிள்ளை தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரையும் கீரையும் பயறும் நல்லது என்கிறார்கள். வெண்டைக்காயிலும் அந்தச் சத்து இருக்கிறதாம். அம்மாவிடம் இதைச் சொல்லக் கொடுத்துவைக்கவில்லை.

அத்தையை அனுப்ப நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஊரில் தாத்தா இறந்துபோனதாகத் தந்தி வந்தது. ரயில் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதால் மாமா காரியத்தை இங்கேயே செய்தார். மகன் என்றால் தலைமுடியோடு மீசையும் எடுக்க வேண்டும். எடுத்துவிட்டு வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு வந்தார். எவ்வளவு நேரம்தான் பொத்திக்கொண்டிருக்க முடியும்? காப்பி குடிக்கத் துண்டை இறக்கினார்.

மூக்கிலிருந்து உதடுவரை வெளிறிய கோடு ஒன்று ஓடியது. அது முடிந்த இடத்தில் உதடு சின்னதாக மடங்கியிருந்தது. சவரம் செய்தவர் கை தவறிவிட்டது போலிருக்கிறது என்று நான் பரிதாபப்பட்டேன்.

பாலாடையோடு உட்கார்ந்திருந்த அத்தை மாமாவைப் பார்த்தாள், மடியிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள். துக்கத்துக்கு வந்திருந்த பெண்கள் முன்னால் நிதானமாகக் கேட்டாள்:

"மதினி, இவுக வயித்துல இருக்கையில உங்க அம்மை எதை நறுக்குனாவ?"

மாமா காப்பியைக் கீழே வைத்தார். எனக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை. "சொல்லும்மா, வெண்டைக்காயா, கத்தரிக்காயா?" என்றேன்.

என் தொடையில் நறுக்கென்று அம்மாவின் கிள்ளு விழுந்தது. பிள்ளை பெற்றதிலிருந்து சிரிக்காத அத்தை, எழவு வீடு என்றும் பாராமல் சிரித்தாள். அவளை ஊருக்கு அனுப்பும் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. ஒரு காயின் பெயரைக் கேட்டதற்கு ஒருத்தி கிள்ளுவதும் ஒருத்தி சிரிப்பதும் ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவே இல்லை.