பூட்டிய பப்பில் திங்கட்கிழமைப் பாட்டு

பேய் இல்லை என்று ஊர் ஊராகப் பேசியவன் நான். தொழிற்சங்க மேடையில் பேசினேன். தேவாலய மண்டபத்தில் பேசினேன். மழை கொட்டும் சந்தைச் சதுக்கத்தில் மரப்பெட்டிமேல் ஏறி நின்றும் பேசினேன். ஆவிகளோடு உரையாடுவதாகச் சொல்லிக்கொண்டு அம்மையார் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தபோது, அரங்கின் வாசலில் நின்று, நுழைந்தவர் ஒவ்வொருவர் கையிலும் துண்டறிக்கை திணித்தவன் நான். அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன். என்னை நம்புங்கள் என்று எவரிடமும் நான் கெஞ்சியதில்லை; இன்றும் கெஞ்சமாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன். இது நடந்தது.

எங்கள் ஊர் ஸ்கார்வெல், இங்கிலாந்தின் வடக்கே. யார்க்‌ஷர் மலையிடுக்கில், ஆலைகள் மூடிய பின்னும் மூடாமல் கிடக்கும் ஊர். ஆற்றங்கரையில் ஃபிளீஸ் என்றொரு பப். அதன் பின்னறையில் திங்கள்தோறும் பாட்டு நடக்கும். மேடை கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது, நாற்காலிகளை வளையமாகப் போட்டு உட்காருவோம். முறை ஒரு நாற்காலியிலிருந்து அடுத்த நாற்காலிக்கு நகரும். யாருக்கு முறையோ அவர் பாடுவார். பல்லவியை அறையே எடுத்துப் பாடும். பாடுபவரை ஒருபோதும் தனியே விடுவதில்லை. வளையத்தில் உட்கார்ந்தவர் பாடியாக வேண்டும்; பாட விரும்பாதவர் சுவரோரம் நிற்கலாம். பாட்டு நடக்கையில் எவரும் எழக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது. இவை எங்கும் எழுதப்பட்ட விதிகள் அல்ல. எங்கள் எலும்பில் ஊறியவை.

பப்பை நடத்தியவர் கடனில் விழுந்து கடையை மூடினார். கட்டடத்தை வாங்க முன்வந்தது, நாடு முழுவதும் ஒரே அச்சில் பப் நடத்தும் ஒரு பெரிய நிறுவனம். மலிவான பீர், காலை உணவு, சுவர் நிறையத் திரைகள். பாட்டு மட்டும் கிடையாது. எந்தக் கிளையிலும் கிடையாது. பின்னறைச் சுவரை இடித்துச் சமையற்கூடத்தைப் பெரிதாக்குவது அவர்கள் திட்டம்.

நான் கொதித்தேன். துண்டறிக்கை அச்சிட்டேன். மண்டபத்தில் கூட்டம் போட்டேன். 'பணம் படைத்தோர் பல்லாயிரம் கடை திறக்கட்டும். பாடும் வாயைப் பூட்ட அவர்களுக்கு என்ன உரிமை?' என்று முழங்கினேன். கைதட்டல் எழுந்தது. எல்லாரும் என் பக்கம் என்று சொல்லமாட்டேன். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், குழந்தையோடு உட்கார இந்த ஊரில் வெதுவெதுப்பான இடம் ஒன்று காட்டுங்கள் என்று கேட்டாள். நான் அடுத்து கைதூக்கியவரை நோக்கித் திரும்பினேன். பிறகு நோரீன் பிக்கிள்ஸ் எழுந்தாள். ஃபிளீஸின் பின்னறைக்கும் அவள் படுக்கையறைக்கும் இடையே ஒரே சுவர்.

"நாப்பது வருஷமா என் தலைமாட்டுல தாளம் தட்டிப் பாடுறானுங்க. நீ பண்பாடுங்கிற, ஹெட்லி. நான் தூக்கம்ங்கிறேன். ரெண்டுல எது இல்லாம மனுஷன் சாவான், சொல்லு பாப்போம்?"

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

கூட்டம் முடிந்தது. எல்லாரும் இருவர் மூவராகக் கலைந்தனர். நான் நாற்காலிகளை அடுக்கிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். மூடிய செருப்புக்கடையின் மேல்மாடியில் தனியே வாழ்பவன் நான். ஃபிளீஸ் மூடிய பிறகு, வாரம் முழுவதும் எனக்கு நன்றி சொல்லும் ஒரே குரல் கடையில் பணம் வாங்கும் இயந்திரத்தினுடையது. அதை எந்தத் துண்டறிக்கையிலும் நான் எழுதவில்லை. ஊரின் உரிமைக்காகப் போராடினேன் என்பது உண்மை. திங்கட்கிழமை எனக்கு வேண்டியிருந்தது என்பது அதைவிட உண்மை.

சுவரை இடிக்க அனுமதிப்பதா என்று நகரமன்றக் குழு வியாழனன்று முடிவெடுக்க இருந்தது. நிறுவனத்தின் வாதம் எளிமையானது: அந்தப் பின்னறை செத்த அறை, அங்கே பாட்டு நின்று நெடுங்காலம் ஆயிற்று. அறை உயிரோடிருக்கிறது என்று நாங்கள் காட்ட வேண்டும். இல்லையேல் சுவர் போகும். ஆகவே, காலால் தாளம் தட்டித் தட்டித் தேய்ந்த தரைப்பலகைகளையாவது படமெடுத்துக் காட்டலாம் என்று, திங்களன்று சாவி கேட்டுப் போனேன்.

டிசம்பர். நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. பூட்டிய கட்டடத்தைக் கவனித்துச் சாவி வைத்திருந்த டெஸ், வேனைவிட்டு இறங்கவில்லை.

"நான் உள்ள வரல, தலைவரே. குளிருது."

"குளிரா, பயமா?"

"ரெண்டுக்கும் சேத்துதான் ஹீட்டர் போட்டிருக்கேன். சட்டுனு வாங்க."

பூட்டைத் திறந்தேன். உள்ளே மின்சாரம் இல்லை. கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பீர்க் குழாய்களைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த இடத்தில் பூஞ்சை நாற வேண்டும்.

நாறவில்லை.

நனைந்த கம்பளிக் கோட்டின் வாசம் வந்தது. மழையில் நடந்து வந்தவர்கள் இப்போதுதான் கழற்றி மாட்டியதுபோல.

பின்னறைக் கதவைத் தள்ளினேன். நாற்காலிகள் வளையமாகக் கிடந்தன. டெஸ் நல்லவன், படத்துக்காகப் போட்டு வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். தரையைப் படமெடுத்தேன். வளையத்தையும் எடுத்தேன். முழங்கால் வலித்தது.

உட்கார்ந்தேன்.

வளையத்தில் உட்கார்ந்தேன். அதுதான் நான் செய்த பிழை.

டொக்... டொக்... டொக்...

குழாயில் நீர் சொட்டுகிறது என்று எண்ணினேன். இல்லை. அது பலகைமேல் குதிகால் தாளம் போடும் ஓசை. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. விளக்கைத் திருப்பினேன். வெறும் நாற்காலி.

ஓசை நின்றது. ஒருவர் மூச்சை உள்ளே இழுத்தார்.

ஓர் ஆண் குரல் பாடத் தொடங்கியது.

முதிய குரல். பனியில் வண்டி ஓட்டிப் போகிறவனைப் பற்றிய பாட்டு. நான் அதுவரை கேட்டறியாத பாட்டு. அடி முடிந்தது. மௌனம்.

அந்த மௌனத்தை நான் அறிவேன். பல்லவிக்காகக் காத்திருக்கும் மௌனம்.

எழுந்து ஓடியிருக்கலாம். ஏன் ஓடவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். பாட்டு நடந்துகொண்டிருந்தது. பாட்டு நடக்கையில் எழக் கூடாது. நகைக்காதீர்கள். அந்த நேரத்தில் என் கால்களுக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான்.

பல்லவி எனக்குத் தெரியாது. ஆயினும் என் வாய் திறந்தது. சொற்கள் வந்தன.

பாட்டு முடிந்த நொடியில் அடுத்த நாற்காலி தொடங்கியது. இது பெண் குரல். இடைவெளியே இல்லை. முடிந்ததும் அதற்கடுத்தது...

முறை நகர்ந்தது. வளையத்தைச் சுற்றி, நாற்காலி நாற்காலியாக, என்னை நோக்கி.

கைப்பேசி விளக்கை அணைத்தேன். வெறும் நாற்காலி பாடுவதைப் பார்ப்பதைவிட இருட்டு மேல்.

என் பக்கத்து நாற்காலி பாடியது. மூச்சின் ஈரம் என் கன்னத்தில் பட்டது.

முடிந்தது.

மௌனம்...

முறை என்னுடையது.

"நான் பாடல, அடுத்தவங்க பாடுங்க" என்று சொல்லியிருக்கலாம். ஆயிரம் பேர் முன் தடுமாறாத நாக்கு. அது அசையவில்லை.

பாடினேன்.

முதல் அடி நடுங்கியது. நிறுத்தினேன்.

அவர்கள் எடுத்தார்கள்.

எல்லாரும்.

அறை நிறைந்தது. என் குரலின்மேல் குரல்கள், கீழே குரல்கள், இருபுறமும் குரல்கள். மாதங்களுக்குப் பிறகு நான் தனியாக இல்லை. கண்ணீர் வழிந்தது. அது அச்சத்தால் வந்த கண்ணீர் அன்று. அங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும்தான் எனக்கு உண்மையான அச்சம் வந்தது.

என் பாட்டை முடித்தேன். முடித்த கையோடு எழுந்தேன்.

என் மறுபக்கத்து நாற்காலி மூச்சை இழுத்தது.

பாடவில்லை.

இருட்டில் தடவிக் கதவைத் திறந்தேன். அது மூடட்டும் என்று அவர்கள் காத்திருந்தார்கள்.

வெளியே வந்து, கதவை மெல்லச் சாத்தினேன்.

பாட்டு தொடங்கியது.

டெஸ் வேனில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தான். நாற்காலிகளை அழகாகப் போட்டு வைத்ததற்கு நன்றி என்றேன். வேறென்ன சொல்வது?

"நாற்காலியா? எல்லாத்தையும் ஏலத்துல வித்தாச்சே, தலைவரே. உள்ள ஒரு முக்காலிகூட கிடையாது."

வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தேன். வெறுந்தரை. சிலந்திவலை. செத்த அறை.

வியாழன் மாலை. நிறுவனத்தின் வழக்கறிஞர் பண்போடு பேசினார், சுருக்கமாகப் பேசினார், சொன்னதையே சொன்னார். என் பெயரை அழைத்தார்கள். எழுந்தேன். என்ன சொல்வேன்? படங்கள் அவர் கட்சிக்குச் சான்று. கேட்டதைச் சொன்னால், நானே வாழ்நாளெல்லாம் எள்ளிய கூட்டத்தில் ஒருவன். வாய் திறவாமல் நின்றேன். பின்வரிசையில் எவரோ, பேச்சாளருக்குச் சாவி கொடுக்க மறந்துவிட்டார்கள் என்று கிண்டல் செய்தார்.

அப்போது நோரீன் எழுந்தாள். நிறுவனத்தை ஆதரிக்க வந்தவள்.

"செத்த அறையா? எந்த மடையன் சொன்னான்? கடை பூட்டினதுலேருந்து ஒரு திங்கக்கிழமை விடாம பாடுறாங்க. விளக்குகூட போடறதில்ல, திருட்டுப் பசங்க. அதனாலதான் சொல்றேன், சீக்கிரமா இடிச்சுத் தொலைங்க."

யார் பாடுகிறார்கள் என்று குழுத்தலைவர் கேட்டார்.

"மத்தவங்க குரல் எனக்குப் பழக்கமில்ல. இவன் குரல் தெரியாதா?" அவள் விரல் என்மேல் நின்றது. "முதல் திங்கள்லேருந்தே இருக்கான். ஒரு வாரம் தவறல."

மண்டபம் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் கள்ளச்சாவி வைத்து அறையைக் காத்து வந்தேன் என்று எண்ணிக்கொண்டார்கள். ஒருவர் தட்டினார்; பிறகு எல்லாரும் தட்டினார்கள். என் வாழ்வில் அப்படியொரு கைதட்டலை நான் கேட்டதில்லை.

நான் ஒரே ஒரு முறைதான் போனேன். மறுத்திருக்க வேண்டும். மறுத்தால் அறை சாகும்.

மறுக்கவில்லை.

எதிர்த்தரப்புச் சாட்சியே சொல்லும்போது, அறை பயன்பாட்டில் இருப்பதை ஏற்கத்தான் வேண்டும் என்றது குழு. சுவரைத் தொடக் கூடாது என்று முடிவாயிற்று. வசந்தம் வருமுன் நிறுவனம் வேறு ஊரைப் பார்த்துக்கொண்டு போயிற்று. ஃபிளீஸை எடுத்து நடத்த எவரும் வரவில்லை. பூட்டியே கிடக்கிறது. நான் வென்றேன்.

திங்கள் மாலைகளில் நான் வெளியே போவதில்லை. கதவைத் தாழிட்டு, விளக்கையெல்லாம் எரியவிட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். முணுமுணுப்பதுகூட இல்லை.

சென்ற செவ்வாயன்று ரொட்டிக்கடை வரிசையில் நோரீன் எனக்குப் பின்னால் நின்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். என் சட்டைக் கையைத் தொட்டாள். நாற்பதாண்டுகளில் அவள் என்னைத் தொட்டதில்லை.

"உன் கூட்டாளிங்கல்லாம் எங்க போனாங்க, ஹெட்லி?"

"ஏன் கேக்குற?"

"கொஞ்ச நாளா நீ மட்டும்தான் பாடுற. ஒரு அடி பாடிட்டு நிறுத்துற. யாரும் எடுத்துப் பாடல. நீ காத்துக்கிட்டே இருக்க... விடியற வரைக்கும். கேக்கவே சகிக்கல."

வரிசை நகர்ந்தது.

"நேத்து பொறுக்க முடியாம நானே சுவருக்கு இந்தப் பக்கத்துலேருந்து பல்லவிய எடுத்துப் பாடிட்டேன்" என்றாள். "ஒரு பெருமூச்சு விட்டே, பாரு. அப்புறம்தான் நான் தூங்கினேன்."