துணிச்சுருளுக்குள் போன புத்தகம்

கூட்டங்களில் என்னை அறிமுகம் செய்வோர், நான் பிஞ்சுப் பருவத்திலேயே புத்தகங்களோடு வளர்ந்தவன் என்று தவறாமல் சொல்லிவிடுகின்றனர். மேடையில் அமர்ந்துகொண்டு அதை மறுப்பது முறையாகாது எனப் பல்லாண்டுகள் வாளாவிருந்தேன். அண்மையில் கோவையில் அத்தகையதொரு கூட்டம் முடிந்ததும், ஆர்.எஸ்.புரத்துப் பட்டுக்கடையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் அருகில் வந்து, "எனக்கு இருபத்தஞ்சு ஆச்சுங்கய்யா. இனிமேப் படிக்கற பழக்கம் வருமாங்க?" என்றார். எனக்குரியதல்லாத புகழ் பிறரைத் தளரச் செய்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. ஆகவே நடந்ததை எழுதிவைக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

இருபத்திரண்டு அகவை வரை நான் ஒரு கதைப்புத்தகத்தையும் படித்தவனல்லன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு, சோமனூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் ஆறு தறிகளை ஓட்டிவந்தேன். தறிகள் ஓடுகையில் அருகில் நிற்பவர் கத்தினாலும் கேளாது, கையசைவே பேச்சு. மின்தடை வந்தால்தான் மனிதக் குரல் கேட்கும்.

அப்படியொரு தடையின்போது, தறிகளுக்கு வேண்டிய ஊடையிழையைக் குச்சிகளில் சுற்றித் தரும் அக்கா, மடியில் ஒரு புத்தகத்தை விரித்துத் தமக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க்கா, அப்படி என்னங்க இருக்குது அதுல?"

"மாமியாளும் மருமகளும் பத்து வருசமா ஒரே ஊட்டுல பேசாமக் கெடக்கறாங்க. எருமைதான் நடுவுல தூது."

"எருமையா?"

"எருமையத் திட்டற மாதிரியே ஒருத்திய ஒருத்தி திட்டிக்குவாங்க. வேணும்னா நீயே படி கண்ணு. எண்ணெய்க் கையோட தொட்டுப்போடாத, ஆமா. என்ற லைப்ரரி அட்டையில எடுத்தது."

அவர் வீட்டில் புத்தகத்தை ஆதரிப்போர் எவருமிலர். அந்த நூலக அட்டையை இழந்தால் புத்தகம் பெற அவருக்கு வேறு வழியில்லை என்பதை நானும் அறிவேன்.

முதற்பக்கத்தை எழுத்துக் கூட்டியே கடந்தேன். மூன்றாம் நாள் மின்தடையில், தறியின் முன் நின்றபடியே படித்துக்கொண்டிருந்தேன். கதையில், எருமையை விற்கத் தரகர் வந்து கயிற்றைப் பிடிக்கிறார். இனி அவ்விருவரும் எதன்வழிப் பேசுவர்? அந்நொடி மின்சாரம் வந்தது. கையிலிருந்த மெல்லிய புத்தகத்தை, நெய்த துணி சுருளும் உருளைமேல் வைத்துவிட்டு, மற்றத் தறிகளை ஓட்ட விரைந்தேன். திரும்பியபோது அதனைக் காணவில்லை. அக்கா எடுத்துக்கொண்டார் என எண்ணினேன்; என்னிடம் இருக்கிறதென அவர் எண்ணினார்.

மாலையில், "புஸ்தகம் எங்க கண்ணு?" என்று அவர் கேட்டபோதே உண்மை புரிந்தது. உருளை அதனைத் துணியோடு சுற்றி விழுங்கிவிட்டது. துணிச்சுருளோ வெட்டப்பட்டு வணிகரின் கிடங்குக்குப் போய்விட்டது. அக்கா தம் குச்சிகளை எடுத்துவைத்துவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டார். வைதிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாட்காலை கிடங்குக்குச் சென்றேன். துணியைப் பிரித்துப் பழுது பார்க்கும் ஊழியர் ஒருவர், துணிக்குவியலில் சாய்ந்து அதே புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"துணியில பத்து மீட்டருக்குப் பொடப்புங்க தம்பி. கல்லு கில்லு இருக்குதோன்னு பிரிச்சா, உள்ள எருமை!"

"தப்பு என்னுதுங்க. மொதலாளிகிட்ட நானே சொல்லிப்போடறேன். புஸ்தகத்தக் குடுங்க, அக்காவோட அட்டை போயிருமுங்க."

"இருங்க, எருமைய வித்தாங்களான்னு பாத்துப்போட்டு..."

"அய்யோ, சொல்லிப்போடாதீங்க! நான் அங்கதானுங்க நிறுத்தியிருக்கறேன்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்து, புத்தகத்தை நீட்டினார். வேலை போகுமோ என நடுங்கிச் சென்றவன் வாயில் அச்சொற்கள் எங்கிருந்து வந்தன என்று எனக்கே விளங்கவில்லை. தறிக்கூட முதலாளி கடிந்துகொண்டார், ஆனால் வேலையிலிருந்து விலக்கவில்லை.

வில்லாக வளைந்துபோன புத்தகத்தை எடுத்துக்கொண்டு அக்காவும் நானும் நூலகம் சென்றோம். வழிநெடுக அவர் முந்தானையை முறுக்கிக்கொண்டே வந்தார். நடந்ததை நான் சொல்லி முடித்தேன். நூலகர் ஏடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"பக்கமெல்லாம் இருக்குதுங்க. கனமா எதாச்சும் மேல வெச்சா நிமுந்துக்கும். உங்க அட்டைக்கு ஒண்ணுமில்லீங்க அம்மணி."

அக்கா முறுக்கிய முந்தானையை விட்டார். பின்னர் என்னைச் சுட்டி, "இவனுக்குத் தனியா ஒரு அட்டை போட்டுக் குடுத்துருங்க சார். என்னுதுல இனி ஒரு தாளுகூட இவன் கைக்குத் தரமாட்டேன்" என்றார்.

விண்ணப்பத்தில் கையொப்பமிட்டேன். என் அட்டையில் பதிவான முதற்புத்தகம் அந்த வளைந்த புத்தகமே. அதன் எஞ்சிய பகுதியை இரண்டே நாளில் படித்து முடித்தேன்; மூன்றாம் நாள் அடுத்ததற்காக நூலக வாயிலில் நின்றேன்.

அக்கதையையும் தறிக்கூடச் செய்திகளையும் நினைவிலிருந்தே எழுதியுள்ளேன். நிகழ்ச்சிகளை முன்பின்னாக மாற்றியிருக்கலாம். பிறர் சொற்களையும் சற்றே திரித்திருக்கலாம். பிழை காண்போர் தயங்காமல் சுட்டிக்காட்ட வேண்டுகிறேன். அந்த அக்காவே இதைப் படிக்க நேர்ந்தால், அவர் சொல்லும் திருத்தமே முடிவானது.