மிருகங்கள் தைத்த எபநேசர்

கோவில்பட்டி பஸ் நிலையத்துக்குப் பின்னால் தையல் கடை வைத்திருந்த எபநேசருக்கு ஊரில் யார் மேலும் கோபம் கிடையாது. உலகம் இன்னும் அழியாமல் இருக்கிறதே என்பதில் மட்டும் கொஞ்சம் வருத்தம். அது எழுபத்தொன்பதாம் வருடம். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் வருகிற மிருகங்களையெல்லாம் வெட்டுத் துணியில் உண்டாக்கி, பெரிய காடாத் துணியில் ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தார். ஏழு தலை வலுசர்ப்பத்துக்குக் கட்டம்போட்ட சட்டைத் துணி. வெட்டுக்கிளிகளுக்குப் பாவாடை லேஸில் சிறகு. ஞாயிறு சாயங்காலம் கரிசல்காட்டு ஊர்களில் அதைத் தொங்கவிட்டு, அளவுகோலால் தொட்டுத் தொட்டு விளக்குவார். பத்துக் கொம்பும் எந்தெந்த நாடு என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

வேதக்காரர்களான கிறிஸ்தவர்களைவிட மற்றவர்கள்தான் அதிகம் வருவார்கள். நாகலாபுரத்துச் சம்சாரி கருத்தையா, வெட்டுக்கிளி தன் காட்டுப் பருத்தியைத் தின்னுமா என்று கவலையோடு கேட்பார். ஒரு ஞாயிறு நாகலாபுரத்தில், மகா வேசி ஏழு மலைமேல் உட்கார்ந்திருக்கிறாள் என்றதும், ஏழுமலை என்றால் திருப்பதியல்லவா என்று சண்டைக்கே வந்துவிட்டார். அவரை அமர்த்தத்தான் எபநேசர் கோலை ஓங்கித் தட்டி, அது ரோமாபுரி, அந்தப் பொம்பளை மாதாவைக் கும்பிடுகிற சபை என்று அடித்துச் சொன்னார்.

அந்த ஊரில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்த மிக்கேலம்மாள் அன்று கூட்டத்தில் இருந்தாள். கோவில்பட்டியில் எபநேசருக்குப் பக்கத்து வீடு, மாதா கோயில்காரி. அவர் மனைவி பிரசவத்தில் இறந்தபோது, தன் பிள்ளையோடு அவர் மகள் ரத்தினத்துக்கும் பாலூட்டி வளர்த்தவள். பேச்சைவிடப் பெரிய அடி அவள் கண்ணில் பட்டது. திருவிழாவில் மாதா சொரூபத்துக்கு அங்கி தைக்கச் சொல்லி அவள் வாங்கிக் கொடுத்த சிவப்புப் பட்டில் மிஞ்சிய துண்டுதான் மகா வேசியின் உடுப்பு. எபநேசர் வேண்டுமென்று செய்யவில்லை. தையல்காரன் கண்ணுக்குத் துண்டுத் துணி வெறும் துண்டுத் துணிதான்.

மறுநாள் காலையில் கடைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

“நல்லாத்தான் தச்சிருக்கீங்க அண்ணாச்சி. அந்தப் பொம்பள நாங்கதான்னு சொல்லுதீங்க. அப்ப ரத்தினத்துக்கு நான் குடுத்தது என்ன பாலு?”

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. மலைக்கும் தலைக்கும் விளக்கம் வைத்திருந்த மனுஷனை வெட்கம் பிடுங்கித் தின்றது. பட்டைப் பிரித்தெடுத்துக் கொண்டுபோய் நீட்டினார். துணியா எனக்குக் குறை என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். பத்து வயது ரத்தினம் அந்த வாசலில் போய் நின்றுவிட்டு, கூப்பிடப் பயந்து திரும்பி வந்ததை எபநேசர் பார்த்தார்.

சொன்ன இடத்திலேயே தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தார். அடுத்த ஞாயிறு மறுபடி நாகலாபுரம். மிக்கேலம்மாளை அழைக்க ரத்தினத்தைத்தான் அனுப்பினார். பிள்ளை முகத்துக்காக வந்தவள் கூட்டத்துக்குப் பின்னால் தள்ளியே நின்றாள். மகா வேசி உடுப்பில்லாமல் வெறும் காடாவாகக் கிடந்த இடத்துக்கு வந்ததும் கோல் நின்றது.

“இவ யாருன்னு எனக்குத் தெரியாதுய்யா. தெரிஞ்ச மாதிரி இத்தன வருசமாச் சொல்லிட்டேன். அது தப்பு.”

கருத்தையா விடுவாரா? “அப்ப மத்த மிருகமெல்லாம் மட்டும் தெரியுமா அண்ணாச்சி?”

எபநேசர் வலுசர்ப்பத்தைப் பார்த்தார், கொம்புகளைப் பார்த்தார். அதுவும் தெரியாது என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

மிக்கேலம்மாள் சிரிக்கவில்லை. ரத்தினத்தின் கையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்து, பிள்ளையை மடியில் சாய்த்து உட்கார்ந்தாள்.

“தெரிஞ்சதச் சொல்லுங்க அண்ணாச்சி,” என்றாள். “கேக்குதோம்.”