வெயில் தின்ற தகடு

தலைக்கு மேல் இரும்புக் குழாய் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் கட்டை வைக்கப் பள்ளத்தில் இறங்கியவன் நான். கால் முழங்கால் வரை சேற்றில் புதைந்துவிட்டது. இரண்டு கையையும் விரித்து நிறுத்தச் சொன்னேன். குழாய் நிற்கவில்லை.

மேலே கிரேனில் இருந்தவரை நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். அறுபதுகளில் நெய்வேலிச் சுரங்கத்தில் அவர் கிரேன் ஓட்டினார். நான் கீழே நின்று கை காட்டுகிறவன். எஞ்சின் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. என் கையைப் பார்த்துத்தான் அவர் ஏற்றவும் இறக்கவும் வேண்டும்.

கேபினின் முன்கண்ணாடி முன்பே உடைந்து போயிருந்தது. புதுசு கப்பலில் வர நாளாகும் என்று ஒர்க்ஷாப்பில் பிளாஸ்டிக் தகடு ஒன்றை வெட்டி மாட்டினார்கள். மாட்டியபோது தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. சுரங்கத்தில் நிழல் ஏது? இரண்டு கோடை போனதும் தகடு மஞ்சளித்துவிட்டது. நிலக்கரிப் புழுதி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அங்கே எது நிறம் மாறினாலும் புழுதியைத்தான் திட்டுவோம்.

"தொடைங்க பாய், ஊறுகா பாட்டில் மாதிரி இருக்குது" என்பேன்.

"தொடைச்சுக்கினேதாம்பா இருக்கேன். உன் மூஞ்சியுந்தான் அப்படித் தெரியுது, அதை எதைப் போட்டுத் தொடைக்கிறது?" என்பார்.

மண்ணெண்ணெய் போட்டுப் பார்த்தார். போகவில்லை. குழாய் இறங்கிய நாளுக்கு முந்தின சாயங்காலம் பெயின்ட்காரரிடம் தின்னர் வாங்கித் தேய்த்திருக்கிறார். தகடு முழுக்க நூல் நூலாக வெடிப்பு ஓடிவிட்டது. காலையில் கிரேன் கிழக்கே திரும்பியதும் ஒவ்வொரு வெடிப்பிலும் வெயில் பற்றிக்கொண்டது. என் விரித்த கை அவருக்கு இறக்கச் சொல்லும் கையாகப் பட்டிருக்கிறது.

சத்தம் போட்டேன். எனக்கே கேட்கவில்லை. குழாயின் நிழல் என் மேல் விழுந்தது. கண்ணை மூடவில்லை. மூடி என்ன ஆகப்போகிறது?

அப்போது கேபினுக்குள்ளிருந்து ஒரு கால் தகட்டை உதைத்தது. அது அப்பளம் மாதிரி நொறுங்கிக் கொட்டியது. ஓட்டைக்குள் பாயின் முகம். குழாய் என் தலைக்கு ஒரு சாண் மேலே நின்று ஆடியது.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "கம்பெனிச் சாமான ஒதைச்சு ஒடைப்பியாய்யா?"

"கீழ ஆளு நிக்கிறான் சார். அவன் கை சரியாத் தெரியல, சந்தேகமாயிடுச்சு" என்றார் பாய்.

ஒர்க்ஷாப் இன்ஜினியர் ஒரு துண்டை எடுத்து வளைத்தார். வளையாமல் முறிந்தது. "இது அழுக்கு இல்ல பாய். வெயில் உள்ள பூந்து இழை இழையா அறுத்திருக்கு. அதான் மஞ்சளாச்சு, வளையாம முறியுது. தொடைச்சாப் போகாது. தின்னர் பட்டதும் வெடிச்சிடுச்சு."

பாய் அந்தத் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கேட்டார். "அப்ப எத்தனை நாளா சார் எனக்குச் சரியாத் தெரியல?"



அடுத்த மாதம் நல்ல கண்ணாடி வந்தது. பாய் மாட்டவிடவில்லை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு திறந்த கேபினிலேயே ஓட்டினார், ரிடையர் ஆகும்வரை. புழுதியெல்லாம் அவர் முகத்தில்தான்.

இப்போது கேபினுக்கெல்லாம் ஏசி, கையில் வாக்கி டாக்கி. கடைசிக் காலத்தில் பாய்க்கு இருமல் நிற்கவேயில்லை. சாயங்காலம் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். எதனால் இருமல் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.