ஆங்கர் ரெடி டெபாசிட்

அன்று டோல்கேட் பக்கத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்தச் சின்ன அறையில் நாங்கள் ஐந்து பேர். நான், என் தம்பி, எதிர் வீட்டு அண்ணன், கப்பல் வேலைக்கு ஆள் அனுப்புகிறேன் என்று சொன்ன ஏஜென்ட், அவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்து நடப்பது புரியாமல் வாசலிலேயே நின்றுவிட்ட அவர் மனைவி. வேறு யாரும் இல்லை. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கப் போயிருந்தோம்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். திருவொற்றியூரில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். கேஸ் அடுப்பை மூடினோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஆள். அப்படிப்பட்டவள் தம்பியைத் தனியாக ஓர் ஏஜென்டிடம் அனுப்புவேனா? ஒவ்வொரு முறையும் கூடவே போனேன். அவர் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும், அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் இப்படிக் கேட்டால் உட்கார் என்பார்கள். இவர் பேனாவை எடுத்துப் பழைய பேப்பரில் படம் போட்டுக் காட்டினார்.

கப்பலின் வேகத்தை ஏன் நாட் என்கிறார்கள் என்று கேட்டேன்.

"நாட்டுன்னா முடிச்சுக்கா. அந்தக் காலத்துல கயித்துல வரிசையா முடிச்சு போட்டு, முனையில ஒரு கட்டைய கட்டி கடல்ல வுடுவாங்கோ. கப்பல் போவப் போவ அர நிமிஷத்துல எத்தினி முடிச்சு கைய வுட்டுப் போவுதுன்னு எண்ணுவாங்கோ. அதான் வேகம்."

கப்பலின் வலது பக்கத்துக்கு ஸ்டார்போர்ட் என்று பெயர் வந்தது, முன்பு கப்பலைத் திருப்பும் துடுப்பு அந்தப் பக்கம் இருந்ததால். அந்தத் துடுப்பு கரையில் இடிக்காமலிருக்க இடது பக்கத்தைத்தான் துறைமுகத்தில் அணைப்பார்கள், அதனால் அது போர்ட். நங்கூரம் பாரசீகத்திலிருந்து வந்த வார்த்தை. மேல்தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி மாதிரி இருப்பவர் போசன். பழைய இங்கிலீஷில் அது படகு வேலையாள். இதையெல்லாம் கேட்டுவிட்டு வரும்போது பஸ்ஸில் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும். வேறு எங்கே போய்விட்டு வந்தாலும் எனக்கு அப்படித் தூக்கம் வந்ததில்லை.

ஒரு நாள், ஆபத்தில் மாட்டிய கப்பல் அனுப்புகிற எஸ்.ஓ.எஸ். பற்றிக் கேட்டேன்.

"எங்க உயிரக் காப்பாத்துங்கன்னு இங்கிலீஷ்ல விரிச்சுச் சொல்வாங்கோ. டூப்புக்கா. அந்த மூணு எழுத்துக்கு அர்த்தமே கெடையாது. தந்தியில அடிக்க ஈஸின்னு வெச்சாங்கோ. அர்த்தம் பின்னால ஜனங்க ஒட்ட வெச்சது."

அன்றைக்குத்தான் என் சந்தேகம் முழுசாக அடங்கியது. ஊரே நம்புகிற ஒன்றைப் பொய் என்று சொல்கிற மனுஷன், நம்மிடம் எதற்குப் பொய் சொல்லப்போகிறார்? அதே நாளில் ஜி.பி. கட்டச் சொன்னார். கேங்வே பர்மிட், கப்பல் ஏணியில் ஏறுவதற்கு. இருபத்தைந்தாயிரம். அடுத்து எஸ்.எல்.ஏ. சீ லெக் அடாப்டேஷன், கடலாட்டத்துக்குக் கால் பழகும் பயிற்சி. முப்பத்தைந்தாயிரம். கடைசியில் ஏ.ஆர்.டி. ஆங்கர் ரெடி டெபாசிட். அறுபதாயிரம். முதல் துறைமுகத்தில் நங்கூரம் இறக்கியதும் அது அப்படியே திரும்பி வந்துவிடும். என் செயினும் வளையலும் அடகுக் கடைக்குப் போயின.

எதிர் வீட்டு அண்ணன் போசனாக இருப்பவர். லீவில் வந்திருந்தார். தம்பியைப் பற்றிப் பெருமையாகப் பேசப் போய், இந்த டெபாசிட்டையும் சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இருவது வருசமா நங்கூரம் எறக்கிகினு கீறேன் தங்கச்சி. எவனும் என்னாண்ட டெபாசிட் கேட்டதில்ல."

"அப்ப கேங்வே பர்மிட்டு?"

"ஏணில ஏற இன்னா பர்மிட்டு? கால் இருந்தா போதும்."

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. போசன் என்று ஏன் சொல்கிறார்கள் தெரியுமா அண்ணே என்றேன். அவருக்குத் தெரியவில்லை. ஸ்டார்போர்டும் தெரியவில்லை. "கூப்புடுறாங்கோ, போறேன். இதெல்லாம் யாரு கேட்டுகினு இருப்பாங்கோ?" என்றார்.

போலீஸுக்குப் போக வேண்டாம் என்றான் தம்பி. கேஸ் என்று பெயர் வந்தால் பாஸ்போர்ட்டில் சிக்கல் வருமோ என்ற பயம். அந்தப் பயம் எனக்கு அவனைவிட அதிகம். அதனால்தான் அண்ணனை அழைத்துக்கொண்டு நேராக அந்த மாடிக்குப் போனோம்.

ஏஜென்ட் மறுக்கவில்லை. குரலும் உயர்த்தவில்லை. "ஆர்.பி.எஸ். முறையில திருப்பித் தந்துடறேன்" என்றார்.

"இன்னா அது?" என்றார் அண்ணன்.

"ரீஃபண்ட் பை ஸ்டேஜஸ்."

தம்பி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "இன்னும் எழுத்தா? டேய், இன்னுமா எழுத்து வெச்சினு கீற?"

அண்ணன் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "வாயால சொல்லு நைனா. மாசம் எவ்ளோ?"

ஏஜென்ட் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசியது வாசலில் நின்ற மனைவி. "யக்கா, எவ்ளோ குட்த்தீங்க?"

ஒரு லட்சத்து இருபதாயிரம் என்றேன். அவள் சாப்பாட்டைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். "என்னாண்ட இன்னா சொன்ன? கம்பெனி கமிஷன் குட்த்துச்சுன்னு தானே சொன்ன?" எதைக் கேட்டாலும் விளக்கம் சொல்கிற மனுஷன், முதல் தடவையாக ஒரு கேள்விக்குச் சும்மா இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலத்துக்குள் அவளே இருபதாயிரம் புரட்டிக் கொண்டுவந்தாள். எங்கே வாங்கினாள் என்று நான் கேட்கவில்லை. மீதிக்கு மாதாமாதம் ஐயாயிரம் அனுப்புவதாகச் சொன்னாள். மூன்று மாதம் போனில் பணம் வந்தது. அப்புறம் வரவில்லை. தம்பி மீஞ்சூரில் ஒரு குடோனில் லோடு ஏற்றப் போகிறான். வந்ததும் படுத்துவிடுகிறான். கப்பல் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

எஸ்.ஓ.எஸ். பற்றி விஷயம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுப் பார்த்தேன். ஏஜென்ட் சொன்னது நிஜம்தான். முடிச்சு எண்ணுகிற கதையும் நிஜம், போசனும் நிஜம். தைத்துக்கொண்டே ஏஜென்ட் மனைவிக்குப் போன் போடுகிறேன். மணி அடித்து நிற்கிறது. அவளை நெருக்கவும் மனசு வரவில்லை, விடவும் வழியில்லை. அடகுக் கடைக்காரர் வட்டி கேட்கிறார். இன்னும் வரவேண்டியது எண்பத்தைந்தாயிரம் ரூபாய்.