பன்னிரண்டு புறாவும் தீப்பெட்டிக்குள் ஒரு பூச்சியும்

“உப்பளத்து வெயிலையே முறைச்சுப் பார்த்து வளர்ந்த கண்ணுங்க இது. இதுக்கு நான் கண்ணாடி போடுற அன்னிக்கு, மரக்காணத்துப் பாத்தியில சர்க்கரை வாருங்க!”

2005-ஆம் வருடம் பக்கீர் முஹம்மதுவின் மளிகைக் கடையில் நின்று இப்படிச் சவால் விட்டவர் கால்நடை மருந்தக உதவியாளர் சிவப்பிரகாசம். வயது ஐம்பத்து நான்கு. செய்தித்தாளைக் கை நீட்டித்தான் படிப்பார். கையின் நீளம் போதாமல் போனதும், “எல்லாம் பொய்ச் செய்தி” என்று நாட்டின்மேல் பழி போட்டுப் படிப்பதையே நிறுத்திவிட்டார். கண்ணாடி போட்ட பக்கீருக்கு ‘சோடாபுட்டி பாய்’ என்று பட்டம் சூட்டியவரும் அவரே.

மறு வருடம் பங்குனியில் சோதனை வந்தது. பேரனின் தொட்டிலில் ஓடிய பூச்சியை விளக்குமாற்றால் அடித்து, தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தாள் பக்கீரின் மனைவி ஜெயினம்பு.

“அண்ணே, என்னன்னு பாருங்க. இவரு புறாக்கூண்டுலேர்ந்துதான் வந்திருக்குது. உண்ணின்னா இன்னிக்கே பன்னெண்டும் பிரியாணி. பச்சப்புள்ள இருக்கிற வீடு.”

தராசைப் பிடித்திருந்த பக்கீரின் கை அப்படியே நின்றது.

சிவப்பிரகாசம் தீப்பெட்டியைத் தூரத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார். பழுப்பாக, தட்டையாக ஏதோ தெரிந்தது. “உண்ணியேதான்.”

“ஏம்பா, நல்லா பாரு. நண்டாட்டம் சைடு வாங்கி ஓடுச்சாம். உண்ணி அப்படியா ஓடும்?” என்றார் பக்கீர்.

“இது ஓடுற ஜாதி.”

“றெக்க மாதிரி இருக்குதேப்பா.”

“அது தோலு பாய். என் சர்வீசு முப்பது வருஷம்!”

“அப்ப அரிசிய ஊறப்போடுறேன். அண்ணனும் சாப்பிட்டுத்தான் போகணும்” என்று ஜெயினம்பு உள்ளே போனாள்.

பக்கீர் தராசை வைத்துவிட்டுப் போனார். கூண்டிலிருந்து ஒரு சாம்பல் புறாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். “இத மட்டுமாவது உன் வீட்டுல வெச்சுக்கிறியாப்பா?”

புறா சிவப்பிரகாசத்தைப் பார்த்தது. அதற்கு நல்ல கண். அவர் தீப்பெட்டியைப் பார்த்தார். தெருவை இருபுறமும் பார்த்தார். பிறகு, மருந்தகத்தில் ஊசி போடும்முன் மாட்டிடம் பேசும் குரலில் சொன்னார்:

“பாய், அந்தக் கண்ணாடிய ஒரு நிமிஷம் குடுங்க.”

பக்கீர் கழற்றிக் கொடுத்தார். மாட்டியதும், சிவப்பிரகாசம் குச்சியால் ஒவ்வொரு காலாகத் தள்ளி எண்ணினார். ஆறு. உண்ணிக்கு எட்டு. முதுகில், மூடிய கத்தரிக்கோல் போல, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு றெக்கை.

“தங்கச்சி, அரிசி வேணாம்மா!” என்று உள்ளே குரல் கொடுத்தார். “இது புறா ஈ. ரத்தம் குடிக்கும், ஆனா புறாவ விட்டா ரெண்டு மூணு நாளு தாங்காது. கூண்டத் தள்ளி வைங்க. மருந்து நானே அடிக்கிறேன். மொதல்ல சொன்னது… சரியாப் பார்க்கலம்மா.”

பக்கீர் கண்ணாடிக்காகக் கையை நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. சிவப்பிரகாசம் தீப்பெட்டியைத் திருப்பி, அதில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததையெல்லாம் ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தார்.